கடைத்தெருவுக்கு விளம்பரப் படம் எடுக்கப் போறீங்களா, கேமராவைத் தூக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

டெல்டாவுல பல ஊர்ல கடைத்தெரு இப்பத்தான் மறுபடியும் எழுந்து நிக்குது. பை-பாஸ் வந்துச்சு, சில ஊர்ல பஸ் ஸ்டாண்டே வெளிய போயிடுச்சு, 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு தெக்க பட்டுக்கோட்டை பேராவூரணி பக்கமெல்லாம் தென்னையோட சேர்த்து வியாபாரமும் சாஞ்சுச்சு, அது எந்திரிக்கறதுக்குள்ள ஊரடங்கு வந்து ஷட்டரை இறக்கிடுச்சு. அப்படி இருந்த தெருவுல இப்ப போயிப் பாத்தா வெளியூர் வேலையை விட்டுட்டு வந்த பையன் அப்பா கடைக்கு பெயிண்ட் அடிச்சு உக்காந்திருக்கான், பூட்டிக் கிடந்த அரிசி மண்டில மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் விக்கிறாங்க, டெய்லர் கடை மாடில ஒரு பொண்ணு ஆரி வேலை க்ளாஸ் எடுக்குது. வணிகர் சங்கத்துலயும் ஒரு தெம்பு வந்திருக்கு, "தம்பி நம்ம தெருவுக்கு ஒரு வீடியோ எடுத்துக் குடு, பெருசா போடுவோம்"னு கூப்பிடுறாங்க. கல்யாண வீடியோவும் கடை விளம்பரமும் எடுக்குற நம்ம பசங்களுக்கு இது நல்ல வேலை, ஆனா கல்யாண வீடியோ மாதிரி எடுத்தீங்கன்னா பார்க்க அழகா இருக்கும், தெருவுக்கு ஒரு ஆள் கூட வரமாட்டாங்க.

முதல்ல படம் யாருக்குன்னு முடிவு பண்ணுங்க. சங்கத்துல கேட்டா "உலகமே பார்க்கணும்"பாங்க. சிங்கப்பூர்ல இருக்குற நம்ம ஊர்க்காரர் பாத்துட்டு கண் கலங்கி ஷேர் பண்ணுவாரு, சந்தோஷம்தான், ஆனா அவர் வந்து ஒரு குடம் வாங்கப் போறதில்ல. கடைத்தெருவைக் காப்பாத்தப் போறது சுத்துப்பட்டு கிராமத்து ஜனம். டவுன் பஸ்ல அரை மணி நேரத்துல வரக்கூடிய ஊர்ல இருந்துக்கிட்டு, தீபாவளித் துணிக்கும் கல்யாணச் சீருக்கும் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் போறாங்க பாருங்க, அவங்கதான் உங்க ஆடியன்ஸ். அவங்களுக்கு உங்க தெரு எங்க இருக்குன்னு தெரியும், கோபுரம் எப்படி இருக்கும்னு தெரியும், காவிரி எப்படி ஓடும்னு உங்களை விட நல்லாத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணுதான், இப்ப அந்தத் தெருவுல என்ன கிடைக்குது, யாரு உக்காந்திருக்கா, போனா மதிச்சுப் பேசுவாங்களா. படம் அதைச் சொன்னாப் போதும்.

அதனால டிரோன் ஷாட்ல கோபுரம், பச்சை வயல், பின்னாடி கணீர்க் குரல்ல "சோழ வளநாடு சோறுடைத்து"ன்னு ஆரம்பிக்காதீங்க, தயவு செஞ்சு. டெல்டாவைப் பத்தின பாதி வீடியோ அப்படித்தான் ஆரம்பிக்குது. முதல் அஞ்சு செகண்டுல ஒரு கையி, ஒரு சாமான், ஒரு வியாபாரம் நடக்கணும். பூக்காரம்மா முழம் போடுற கை போதும். பழம்பெருமை பேசுற படம், தெரு செத்துப் போச்சுன்னு இரங்கல் சொல்ற மாதிரி ஆயிடும், அது எவ்வளவு நல்லா எடுத்தாலும் சரி. உங்க தெரு உசுரோட இருக்கு, வேலை நடக்குது, அந்த வேலையை எடுங்க.

கேமரா இல்லாம தெருவுல சும்மா நடங்க, ஒரு வாரமாவது, காலைல ஒரு தடவை, விளக்கு வைக்கிற நேரத்துல ஒரு தடவை. எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்குது, வார லீவு என்னைக்கு, மத்தியானம் சாப்பாட்டுக்கு யார் யாரெல்லாம் பாதிக் கதவு சாத்துறாங்க, லோடு ஆட்டோ எப்ப வந்து தெருவை அடைக்குது எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க. போணி ஆகாத கடைல போயி பேச்சுக் கொடுக்கவே கொடுக்காதீங்க, அவங்க மூஞ்சிலேயே தெரிஞ்சிடும். முதல் வியாபாரம் ஆகட்டும், அப்புறமா ஏதாவது ஒரு சின்னச் சாமான் வாங்கிட்டு பேச்சை ஆரம்பிங்க. "எதுக்கு தம்பி எடுக்குறிய, டாக்ஸ் ஆபீஸா?"ன்னு கேக்குற பெரியவர்தான் நாலாவது நாள் "இங்க வந்து நில்லு, இங்கேருந்து எடுத்தாத்தான் கடை முழுசா தெரியும்"பாரு.

வெளிச்சத்துக்கு நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு வசதி இருக்கு, வீதிப் பேரே திசையைச் சொல்லிடும். கோயில் ஊர்ல கீழ வீதியும் மேல வீதியும் தெக்கு வடக்கா ஓடும், வடக்கு வீதியும் தெற்கு வீதியும் கிழக்கு மேற்கா ஓடும். கீழ வீதில மேற்கு ஓரத்துக் கடைங்க கிழக்கப் பாத்து இருக்கும், அதுங்களைக் காலைல எடுங்க, எதிர்ச் சாரியை சாயந்திரத்துக்கு வையுங்க. சன்னதித் தெரு பெரும்பாலும் கிழக்குக் கோபுரத்துலேர்ந்து நேரா கிழக்க வரும், காலைல அந்தக் கடைசில நின்னுக்கிட்டு மேற்கப் பாத்தீங்கன்னா கோபுரத்து முகத்துல வெயில் அடிக்கும், ரெண்டு பக்கக் கடையும் பக்கவாட்டு வெளிச்சத்துல பளிச்சுனு இருக்கும். அதே இடத்துல சாயந்திரம் நின்னா கோபுரம் கருப்பா நிழலாத்தான் விழும். வடக்கு, தெற்கு வீதிக்கு மாசம் பார்க்கணும். தை மாசி மாசத்துல சூரியன் தெக்க சாஞ்சு போகுறதால தெக்கப் பாத்த கடைக்கு நாள் பூரா வெயில், எதிர்ச் சாரி நிழல்ல இருக்கும். சித்திரை முதல் வாரம் தாண்டினா ஆவணி முதல் வாரம் வரைக்கும் நம்ம பக்கம் உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கால போகும், அப்ப தலைகீழா மாறிடும். பேட்டி எடுக்க நிழல் சாரிதான் நல்லது. கல்லாப்பெட்டில உக்காந்திருக்குறவரை அப்படியே தெருப் பக்கம் திரும்பி உக்காரச் சொன்னா வாசல் வெளிச்சமே மூஞ்சிக்குப் போதும், நீங்க ஒரு ஓரமா நில்லுங்க, வர்ற கஸ்டமர் உள்ள போக வழி இருக்கணும்.

எந்த மாசம் எடுக்குறதுங்குறது இன்னும் பெரிய விஷயம். இங்க வியாபாரம் காலண்டர் பாத்து நடக்குறதில்ல, தண்ணி பாத்து நடக்குது. மேட்டூர் அணை ஜூன் 12ல திறந்து ஜனவரி 28ல மூடணும்ங்குறது வழக்கம், ஆனா எல்லா வருஷமும் அப்படி அமையுறதில்ல. 2020ல ஜூன் 12ல திறந்தப்ப, எட்டு வருஷம் கழிச்சு அந்தத் தேதில திறக்குறாங்கன்னு பேசிக்கிட்டாங்க, 2022ல மே 24லயே திறந்துட்டாங்க, 2024ல ஜூலை கடைசி ஆயிடுச்சு. குறுவை அறுத்து கொள்முதல் நிலையத்துல போட்ட நெல்லுக்குப் பணம் வந்தாத்தான் தீபாவளி, சம்பா அறுத்தாத்தான் தை மாசி கல்யாணச் செலவு. அதனால தீபாவளிக்கு ஆள் வரணும்னா ஆவணிலயே எடுத்து முடிச்சிடுங்க. புரட்டாசி பின்னாடி போச்சுன்னா ஐப்பசி அடைமழைல மாட்டிக்குவீங்க. சித்திரை வைகாசி முகூர்த்தத்துக்குன்னா தைல பொங்கல் முடிஞ்ச கையோட எடுங்க, பனி இருக்கும், காலை வெளிச்சம் அருமையா இருக்கும். ஆடிப்பெருக்கு அன்னைக்கு காதோலை கருகமணி, மஞ்சக் கயிறு, பழம்னு தெருவே நிறைஞ்சிருக்கும், அந்த ஒரு நாளைக் கண்டிப்பா எடுத்து வச்சுக்குங்க. ஆனா படம் முழுக்க அந்தக் கூட்டத்தையே போடாதீங்க. கிராமத்து ஜனத்துக்குத் தெரியாதா அது ஆடிப்பெருக்குக் கூட்டம்னு. சாதாரண செவ்வாக்கிழமை சாயந்திரம் நாலு பேர் நிதானமா சாமான் பாக்குற ஷாட்டுதான் நம்புற மாதிரி இருக்கும்.

பணம் பத்தி முன்னாடியே பேசிடுங்க, வாயால இல்ல, பேப்பர்ல. சங்கத்துல காசு போட்ட எல்லாரும் அவங்கவங்க போர்டு வரணும்னு கேப்பாங்க, நியாயம்தான். ஆனா ரெண்டு நிமிஷப் படத்துல எட்டுக் கடைக்கு மேல போட்டா எதுவும் மனசுல நிக்காது. நான் சொல்ற வழி இதுதான்: பெரிய படத்துல எந்தக் கடை வரணும்ங்குறது எடுக்குறவங்க முடிவு, காசு போட்ட ஒவ்வொரு கடைக்கும் அவங்க போன்ல வச்சுக்குற மாதிரி தனியா பதினஞ்சு செகண்டு வீடியோ. எல்லாக் கடையிலயும் கொஞ்சம் எடுத்துத்தான் ஆகணும், அதனால இதுக்குப் பெருசா கூடுதல் வேலை இல்ல, சங்கத்துலயும் மனஸ்தாபம் வராது. இன்னொண்ணு, சின்னக் கடையை விட்டுடாதீங்க. கயிறு, முறம், பாய் விக்கிற கடை, குடை ரிப்பேர் பண்றவரு, நாட்டு மருந்துக் கடை, இதெல்லாம் ஷோரூம்லயும் கிடையாது ஆன்லைன்லயும் கைல தொட்டுப் பார்க்க முடியாது. ஜனம் தெருவுக்கு வர்றதுக்கு இதுதான் காரணம், ஜவுளிக் கடைக்காரர் தலைவரா இருந்தாலும் இதை எடுத்துச் சொல்லுங்க.

செட்டிங்ஸ்ல ரொம்பப் பேர் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், போன் கேமரா தானா செகண்டுக்கு 30 ஃப்ரேம்ல நிக்கும், அதை அப்படியே வச்சு கடைக்குள்ள எடுத்தா டியூப் லைட்டும் மலிவு எல்ஈடியும் மினுக் மினுக்குனு பட்டை பட்டையா ஓடும். 25 ஃப்ரேம் வச்சு ஷட்டர் ஸ்பீடை 1/50லயோ 1/100லயோ பூட்டுங்க. ஐபோன்ல கேமரா செட்டிங்ஸ்ல பால் ஃபார்மட் காட்டச் சொன்னா 25 வரும், மத்த போனுக்கு பிளாக்மேஜிக் கேமரான்னு இலவச ஆப் இருக்கு, உங்க மாடலுக்கு ஒத்து வருதான்னு பாருங்க. ஒயிட் பேலன்ஸையும் பூட்டிடுங்க, இல்லாட்டி மஞ்சள் கடையைத் தாண்டி துணிக்கடைக்குத் திரும்பும்போது கலர் அலையும். பெரிய கேமரா இருந்தா நல்லது, இல்லாட்டி ஒண்ணும் குறைஞ்சு போகல, ஆனா மைக்குல மட்டும் கஞ்சம் வேணாம், காலர்ல மாட்டுற வயர்லெஸ் மைக் ஒரு ஜோடி கண்டிப்பா வேணும். தெருவுல ஹாரன் சத்தத்துக்கு நடுவுல போன் மைக்குல பேட்டி எடுத்தா ஒரு வார்த்தை தேறாது.

எதை எடுக்குறதுன்னு ஒரு உதாரணம் சொல்றேன், பாத்திரக்கடை. எல்லாரும் அடுக்கி வச்ச குடத்தை இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் காட்டிட்டு வந்துடுவாங்க. நீங்க பேர் வெட்டுற இடத்துக்குப் போங்க. பொண்ணுக்கு சீர் பாத்திரம் எடுக்க வந்த அம்மா துண்டுச் சீட்டுல பேர் எழுதிக் குடுப்பாங்க, பேர் வெட்டுறவர் அந்த எவர்சில்வர் தூக்கை மடில சாச்சு வச்சுக்கிட்டு மிஷினை வைப்பாரு, கிர்ர்ருனு சத்தத்தோட எழுத்து புள்ளி புள்ளியா வரும், நடுவுல ஒரு தடவை உள்ளங்கையால துடைச்சிட்டு சாச்சுப் பார்ப்பாரு, அப்புறம் அந்த அம்மா விரலை வச்சு ஒவ்வொரு எழுத்தா படிச்சு சரின்னு தலையாட்டுவாங்க. இதை வெட்டாம ஒரே ஷாட்டா முழுசா எடுங்க, அப்புறம் தனியா எழுத்து மேல ஒரு க்ளோஸப், அவர் மூஞ்சி மேல ஒண்ணு, அந்த அம்மா விரல் மேல ஒண்ணு. அந்த கிர்ர் சத்தத்தை மைக்கை பக்கத்துல வச்சு தனியா பதிவு பண்ணுங்க. ஆன்லைன்ல பாத்திரம் வாங்கினா இது நடக்குமா? பத்து வரி வசனம் எழுதி சொல்ல வேண்டியதை இந்த அரை நிமிஷம் சொல்லிடும். பாத்திரக்கடைக்குப் போறப்ப கருப்புச் சட்டையோ கரும்பச்சைச் சட்டையோ போட்டுட்டுப் போங்க, பளபளப்புல நீங்களும் உங்க கேமராவும் குடத்துக்குக் குடம் தெரிவீங்க, எக்ஸ்போஷரையும் கொஞ்சம் இறக்கி வைங்க.

இதே மாதிரி ஒவ்வொரு கடையிலயும் கைவேலை ஒண்ணு இருக்கும். நாட்டு மருந்துக் கடைல பொட்டலம் மடிச்சு மேல தொங்குற நூல் கண்டுலேர்ந்து இழுத்துக் கட்டுறது, வெத்தலைக் கடைல கவுளியை விரிச்சு அழுகல் பார்த்து எடுக்குறது, வெள்ளிக்கிழமை சாயந்திரம் கல்லாவுக்கு சாம்பிராணி காட்டுறது. அதைத் தேடிப் புடிக்குறதுதான் உங்க வேலை.

பேட்டில "உங்க கடை வரலாறு சொல்லுங்க"ன்னு கேட்டீங்கன்னா எல்லாரும் தாத்தா ஆரம்பிச்சாருன்னு ஒரே கதையத்தான் சொல்லுவாங்க. வேற மாதிரி கேளுங்க. நேத்து கடைசியா என்ன வித்தீங்க? இந்த வருஷம் புதுசா எந்த ஊர்லேர்ந்து ஆள் வர்றாங்க? எதைக் கேட்டு வந்து இல்லைன்னு திரும்பிப் போறாங்க? அப்பா காலத்துல இல்லாத சாமான் இப்ப என்ன வச்சிருக்கீங்க? இதுக்கு பதில் சொல்லும்போது ஆளு கேமராவை மறந்துடுவாரு. பெரியவரையும் பையனையும் ஒண்ணா உக்கார வச்சு கேட்டா இன்னும் நல்லது, அண்ணாச்சி ஒண்ணு சொல்ல, பையன் "இல்லப்பா இப்ப அப்படி இல்ல"ன்னு குறுக்க வருவான், கடை மாறுதுங்குறது அங்க தெரியும். கடைல வேலை பாக்குற அக்காக்களையும் பேச வைங்க, எந்தப் புடவை எந்த ஊருக்குப் போகுதுன்னு முதலாளியை விட அவங்களுக்குத்தான் தெரியும்.

எடுக்கக் கூடாததும் இருக்கு. அடகுக் கடை வாசல்ல நிக்குற யார் மூஞ்சியும் படத்துல வரக் கூடாது, இதுல பேச்சே இல்ல. நகைக் கடைல லாக்கர், பின்வாசல், சிசிடிவி இருக்குற இடம் எதையும் காட்டாதீங்க. வாங்க வந்தவங்க மூஞ்சி தெரியுற மாதிரி எடுத்தா உடனே போயி இப்படி விளம்பரத்துக்குன்னு சொல்லி சம்மதம் கேளுங்க, முடிஞ்சா அந்த சம்மதத்தையே போன்ல பதிவு பண்ணிக்குங்க, வேணாம்னா அவங்க கண்ணெதிர்லயே அழிச்சிடுங்க.

கோயில் உள்ள எடுக்கலாம்னு நினைக்காதீங்க, 2022 டிசம்பர்ல ஹைகோர்ட்டு கோயிலுக்குள்ள செல்போனுக்கே தடை போடச் சொல்லிடுச்சு, தாராசுரம், பெரிய கோயில் மாதிரி தொல்லியல் துறைகிட்ட இருக்குற இடத்துக்கு அனுமதி தனி. டிரோன் வேணும்னா 2021 டிரோன் விதிப்படி அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்ல உங்க ஊர் எந்தக் கலர் மண்டலத்துல இருக்குன்னு முதல்ல பாருங்க, தஞ்சாவூர்ல சுகோய் போர் விமானம் நிக்குற விமானப்படைத் தளம் இருக்கு, அந்தப் பக்கத்துல விளையாட்டு வேணாம். எனக்குக் கேட்டா எதிர்க் கட்டடத்து மொட்டை மாடி போதும். ரெண்டாவது மாடி உயரத்துலேர்ந்து எடுத்தா மனுஷங்க மனுஷங்களாத் தெரிவாங்க, டிரோன்ல எடுத்தா தகரக் கூரையும் தண்ணித் தொட்டியும்தான் தெரியும்.

பாட்டு விஷயத்துல உஷாரா இருக்கணும். டீக்கடைல சினிமாப் பாட்டு ஓடிட்டு இருக்கும்போது எடுத்தீங்கன்னா யூடியூப்ல ஏத்தின உடனே காப்பிரைட் வந்து நிக்கும், அண்ணன்கிட்ட சொல்லி அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க. தியாகராஜர் கீர்த்தனை பழசுதானே, ஃப்ரீதானேன்னு கேப்பாங்க, அவர் 1847ல மறைஞ்சுட்டாரு, பாட்டுக்கு உரிமை இல்லதான், ஆனா யாரோ பாடிப் பதிவு பண்ணின ரெக்கார்டிங்குக்கு உரிமை இருக்கு. நம்ம பக்கத்துல வாசிக்கிறவங்களுக்கா பஞ்சம், நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. உள்ளூர் கலைஞரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லி, உரிய சம்பளம் குடுத்து, எழுதி வாங்கிக்குங்க. அதையும் படம் பூரா ஓட விடாதீங்க, கல்யாண மண்டபம் மாதிரி ஆயிடும். ஷட்டர் தூக்குற சத்தம், வாசல் தெளிக்குற சத்தம், தராசுத் தட்டு, பேர் வெட்டுற மிஷின், இதையே தாளமா கோத்து நடுவுல ரெண்டு இடத்துல நாதஸ்வரம் வந்தா போதும்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவச வெர்ஷனே தாராளம். மெயின் படம் ரெண்டு நிமிஷம், அதுலேர்ந்து நிமித்தி வச்ச சைஸ்ல முப்பது செகண்டு துண்டு நாலஞ்சு, இதை மனசுல வச்சு எடுக்கும்போதே ஆளை நடு ஃப்ரேம்ல வைங்க. பஸ்ல போறவங்க சத்தம் இல்லாமத்தான் பார்ப்பாங்க, அதனால பேச்சுக்குத் தமிழ்லயே சப்டைட்டில் போடுங்க, பேசுற தமிழ்லயே. சில சாஃப்ட்வேர்ல கொம்பு தனியா காலு தனியா பிஞ்சு நிக்கும், 'கொ', 'பெ' வர்ற வார்த்தையை ஒண்ணு ஒண்ணா சரி பாருங்க. கடைப் பேரை போர்டுல இருக்குற மாதிரியே எழுதுங்க, ஒத்தெழுத்து விட்டுப் போனாக் கூட வருத்தப்படுவாங்க.

கடைசி கார்டுல லோகோ வரிசை வேணாம். கடை நேரம், வார லீவு, எந்த பஸ் ஸ்டாப்புல இறங்கணும், வண்டி எங்க நிறுத்தலாம், இது நாலும் போதும். மூடிக் கிடக்குற கடைங்களை மறைக்காதீங்க, "வாடகைக்கு இருக்கு, சங்கத்தைக் கேளுங்க"ன்னு ஒரு வரி போடுங்க, திருவிடைமருதூர் தெருவழகுன்னு சொல்லிப் பழகின நாட்டுல ஒரு தெருவுல பாதி ஷட்டர் இறங்கியிருக்கக் கூடாது, புதுசா கடை வைக்கிற ஆளும் இந்தப் படத்தைப் பாத்துத்தான் வரணும். வெளியிடுறதுக்கு முன்னாடி படத்துல வர்ற கடை எல்லாம் கூகுள் மேப்ல சரியான நேரம், நம்பரோட இருக்கான்னு நீங்களே உக்காந்து பாத்து ஏத்தி விடுங்க.

வாட்ஸப்ல அப்படியே அனுப்பினா நசுக்கிடும், ஒரிஜினலை டாக்குமெண்டா அனுப்புங்க, இல்லாட்டி யூடியூப் லிங்க். ஊராட்சி குரூப், பால் சொசைட்டி குரூப், ஸ்கூல் பழைய மாணவர் குரூப், மகளிர் குழு அக்காங்க, லோக்கல் கேபிள், எல்லாம் பாத்து வச்சுக்கிட்டு பண்டிகைக்கு மூணு வாரம் முன்னாடி விடுங்க. தியேட்டர்ல போடணும்னு ஆசைப்பட்டா சென்சார் சர்டிபிகேட் வேணும், அதுக்கு நேரம் ஒதுக்கிக்குங்க.

விட்ட பிறகு அஞ்சாறு கடைல கல்லாப் பக்கத்துல ஒரு நோட்டு வைக்கச் சொல்லுங்க, புதுசா வர்றவங்ககிட்ட எந்த ஊரு, எப்படித் தெரிஞ்சு வந்தீங்கன்னு ரெண்டே கேள்வி. வியூஸ் கணக்கை விட அந்த நோட்டு உங்களுக்கு நெறைய சொல்லும். எந்தப் பக்கத்துக் கிராமத்துலேர்ந்து ஆளே வரலன்னு தெரிஞ்சா அந்த ஊர்க்காரங்க யாராவது கடைக்கு வந்து போறதை எடுத்து அடுத்த துண்டு வீடியோவுல போடுங்க. ஃபுட்டேஜ் முழுசையும் ரெண்டு ஹார்டு டிஸ்க்குல போட்டு ஒண்ணை சங்கத்துகிட்ட குடுத்துடுங்க, கடை நேரமோ நம்பரோ மாறினா கடைசி கார்டை மட்டும் மாத்தி மறுபடி ஏத்திக்கலாம்.